நவம்பர் மாதத்துத் தெரு

நகைக்கடைக் காலண்டருக்குப் பன்னிரண்டு ஜோடிப் படங்கள்.
இடப்பக்கம் அன்று, வலப்பக்கம் இன்று.
முன்பணம் ஏழாயிரத்தை எண்ணி வைத்து
பழுப்பு உறையை நீட்டினார் முதலாளி தெய்வசிகாமணி.
நவம்பருக்கு நேரு வீதி.
படத்தின் முதுகில் பென்சிலால் பிரெஞ்சில் ஏதோ,
வருடத்தில் 18-க்கு அப்புறம்
பூச்சி தின்றிருந்தது.

"ஈ காக்கா இல்ல பாருங்க" என்றார்.
"என்ன அமைதியா இருந்திருக்கு புதுச்சேரி."

அவன் காமிராவை ஊன்றிய இடம் தேடி
மூன்று காலை அலைந்தேன்.
பிடிமானம், மூலைவீட்டு மாடியின் மூன்று வளைவுகள்.
இரண்டு அப்படியே இருக்கின்றன,
மூன்றாவதின் வாயில் ஏசிப் பெட்டி.
கோடு இழுத்துக் கோடு இழுத்து
கடைசியில் அந்தப் புள்ளி விழுந்தது
செல்போன் உறை விற்கும் கடைக்குள்,
கல்லாவுக்கு ஒட்டி.
ஷம்ஷாத் ஸ்டூலை நகர்த்தித் தந்தாள்.
"போணி ஆகல இன்னும். சீக்கிரம்."

உயரம் மட்டும் பொருந்தவில்லை.
தாருக்கு மேல் தாராக
இரண்டடி ஏறிவிட்டது தெரு,
தெருவைத் துரத்திக் கடைத் தரையும்.
அவன் நின்று பார்த்ததை
நான் மண்டியிட்டுத்தான் பார்க்க முடிந்தது.

இரவு, பழைய படத்தைத் திரையில் பெரிதாக்கினேன்.
நாலு மடங்கில் தரையெல்லாம் கீறல்.
எட்டு மடங்கில் கீறல்கள் சக்கரத் தடமாகின.
அப்புறம் பாதி நாய்.
கூடை இருக்கிறது, சுமந்த தலை இல்லை.
தெரு நடுவில், ஆள் இல்லாமல்,
ஒற்றைப் பாதம்.
ஊன்றி எடுக்கும் அந்த நொடியில் மட்டும்
இருந்திருக்கிறது.

அமைதியாவது!
தள்ளுமுள்ளுத் தெரு அது.
கண்ணாடித் தகடு மெதுவானது,
நடந்தவர் யாரையும் அதற்குப் பிடிக்கத் தெரியவில்லை.
முகத்தோடு தப்பியவன் ஒருவன்:
சுவரோரம் மூட்டை மேல்
வாய் பிளந்து தூங்குகிறவன்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு.
லென்சுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி
நாலு நிமிடம் திறந்து வைத்தேன்.
ஒலிபெருக்கியில் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்,
குழந்தையைத் தொலைத்த ஒரு குரல்,
ஹாரன், ஹாரன், கேப் துப்பாக்கி.
என் முழங்காலைத் தாண்டிக்கொண்டு
கடைக்குள் வந்து போனார்கள்.

படத்தில் யாருமில்லை.
துடைத்து வைத்த தெரு.
பெயர்ப்பலகைகள், இரண்டு வளைவுகள், ஏசிப் பெட்டி.
ஏடிஎம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில்
காவலாளி இருதயநாதன் மட்டும்
சட்டைப் பித்தான் வரைக்கும் தெளிவாக,
தலை சாய்ந்து.

முதலாளி வெகுநேரம் பார்த்தார்.
"ஊரடங்குல எடுத்ததா?
காலியா இருந்தா எப்படி சார்,
நம்ம பையோட நாலு பேர் நடக்கணும்.
அந்தத் தூங்குமூஞ்சியையும் எடுத்துடுங்க."

நொடியில் ஆயிரத்திலொரு பங்கில்
வேறொன்று எடுத்துக் கொடுத்தேன்.
எல்லோரும் ஒரு காலைத் தூக்கியபடி
அந்தரத்தில் நிற்கிறார்கள்.
அதுதான் அச்சானது.
தூங்குமூஞ்சி இருந்த இடத்தில்
கடையின் தொலைபேசி எண்.

நாலு நிமிடப் படம் என்னிடம் இருக்கிறது.
அவ்வப்போது அதில் ஷம்ஷாத்தைத் தேடுவேன்.
"எப்படியும் முட்டி வலிக்கும், டீ சொல்றேன்" என்று
அதே நாலு நிமிடத்துக்குள்தான் தெருவைக் கடந்தாள்,
போகையில் வெறுங்கையோடு,
வரும்போது இரண்டு டம்ளர்,
ஸ்கூட்டர்களைத் திட்டிக்கொண்டே.

எட்டு மடங்கிலும் இல்லை, பதினாறிலும் இல்லை.
ஒரு பாதம்கூட விழவில்லை.

சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.